கூட நின்று கற்றது

(பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் முடித்த பிள்ளைகளின் பெற்றோருக்காகப் பொழிச்சலூரில் ஒரு ஞாயிறு மாலை நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

விமானம் கடந்து போகட்டும். பிறகு தொடங்குகிறேன்.

பொழிச்சலூரில் வளரும் பிள்ளைகள் மொட்டை மாடியிலிருந்தே விமானத்தின் சக்கரங்களைப் பார்த்து வளர்கிறார்கள். "பைலட் ஆகணும்" என்று சொல்லாத பிள்ளை இந்த ஊரில் குறைவு. அந்த விமானத்தைப் பழுது பார்த்து, இது பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் மனிதரை அவர்கள் பார்ப்பதில்லை. அந்தக் கையெழுத்துக்கு உரிமம் வேண்டும். தேர்வு எழுதித் தேறினால் மட்டும் அந்த உரிமம் கிடைக்காது. உண்மையான விமானத்தில், தெரிந்தவர்களின் கண்காணிப்பில், குறித்த காலம் கை வைத்து வேலை செய்ததற்குப் பதிவேடு காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கானவர்கள் நம்பி ஏறும் ஒன்றை ஏட்டுப் படிப்பை மட்டும் நம்பி யாரும் ஒப்படைப்பதில்லை.

இன்று நான் பேச வந்திருப்பது அப்படிக் கூட நின்று கற்பதைப் பற்றி. சட்டத்தில் அதற்குத் தொழிற்பழகுநர் பயிற்சி என்று பெயர். தெருவில் அப்ரண்டிஸ். என் பையில் ஓர் இரும்புத் துண்டு வைத்திருக்கிறேன். அதைக் கடைசியில் காட்டுகிறேன்.

முதலில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நாகல்கேணியில் தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடுவது, குரோம் கரைசல் சுற்றும் பெரிய மரப் பீப்பாயை நிரப்புவது, காலி செய்வது. இந்த வட்டாரத்தின் வரலாறே அந்தத் தொழிலோடு கலந்தது. 1912-இல் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்தை ஒட்டித் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டை என்ற பெயரே வந்தது. அங்கும் பம்மலிலும் நாகல்கேணியிலும் தோல் தொழிலுக்குள் பிறந்தவர்கள் அதிலேயே வேலைக்குப் போனார்கள். அப்பாவின் விரல் இடுக்குகளில் ஆறாத புண்கள் இருந்தன. சோற்றில் கை வைத்தால் எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவார். அடுத்த ஊர் அனகாபுத்தூரில் தறி. 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று பேர்போன துணி அங்கிருந்து நைஜீரியா வரை போன காலம் உண்டு. அங்கேயும் அதே கதைதான். நெசவாளி மகன் தறிக்குழியில் இறங்கினான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்தத் தறியில் உட்கார இடம் கிடையாது, தறிக்காரன் மகனுக்கு அதைவிட்டு எழுந்து போக வழி கிடையாது.

இதைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் தொழில் கற்பதைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் வந்தது. அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றார்கள். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார், அந்தப் பெயரே நிலைத்தது. திராவிடர் கழகமும் தி.மு.க.வும் தெருவுக்கு வந்தன. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954-இல் ராஜாஜி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் நின்றதால் பள்ளிக்கூடத்தில் முழு நாள் உட்கார்ந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஆகவே, "என் பையன் கையில அரம் புடிக்கணுமா?" என்று உங்களில் ஒருவர் கேட்டால் எனக்குக் கோபம் வராது. அந்தக் கேள்விக்குப் பின்னால் பல நூற்றாண்டு வலி இருக்கிறது. தொழில் கற்றுக்கொள் என்று நமக்குச் சொன்னவர்கள் பெரும்பாலும், அப்பன் இருந்த இடத்திலேயே நீயும் இரு என்ற பொருளில்தான் சொன்னார்கள்.

அப்ரண்டிஸ் சட்டம் எனக்குச் செய்தது இதற்கு நேர் எதிரானது. அதனால்தான் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன். தோல் தொழிலாளியின் மகன் இயந்திரக் கருவிகளுக்குள் நுழைந்தது சொந்தக்காரர் சிபாரிசில் இல்லை. எஸ்எஸ்எல்சி மதிப்பெண்ணையும் ஒரு சட்டத்தையும் வைத்து நுழைந்தேன். 1961 டிசம்பரில் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்பழகுநர் சட்டம் 1962 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1973-இல் அதைத் திருத்தியபோது பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடு சேர்த்தார்கள். பரம்பரையாகப் பூட்டியிருந்த பட்டறைக் கதவை வெளியிலிருந்து திறந்து வைத்த சட்டம் அது. குலத்தொழிலையும் இதையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள், இரண்டிலும் கை அழுக்காகிறது என்பதை மட்டும் பார்க்கிறார்கள்.

படிப்பு வேறு, தொழில் பழகுவது வேறு என்று நினைக்கிறவர்களுக்கு நம் கிண்டியையே காட்டுவேன். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தால் இந்தத் தெருவில் லட்டு கொடுப்போம். அந்தக் கல்லூரியின் வேர் 1794-இல் புனித ஜார்ஜ் கோட்டையருகே தொடங்கிய நில அளவைப் பள்ளி. கிழக்கிந்தியக் கும்பினியின் வானியலாளர் மைக்கேல் டாப்பிங் தொடங்கினார். மாணவர்கள் எட்டுப் பேர், ஆதரவற்ற சிறுவர் இல்லத்துப் பையன்கள். அளவைக்காரர்களின் உதவியாளர்களாக அவர்களைப் பழக்குவதுதான் அந்தப் பள்ளியின் வேலை. வயல்வெளியில் சங்கிலி பிடித்து, கோணம் பார்த்து, குறிப்பெழுதிக் கற்றுக்கொள்ளும் அப்ரண்டிஸ்கள். இன்று மாநிலமே தவம் கிடக்கும் கல்லூரி அந்த எட்டு அநாதைப் பையன்களோடு தொடங்கியது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

1974. எனக்குப் பதினாறு வயது. பல்லாவரத்துக்கும் கிண்டிக்கும் நடுவில் இருந்த ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் ட்ரேடில் மூன்று வருட அப்ரண்டிஸாக எடுத்தார்கள். பதினெட்டு நிரம்பாதவனாக இருந்தால் ஒப்பந்தத்தில் பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார். குரோம் கரைசலில் ஊறிய அந்த விரலில் ரேகை சரியாக விழவில்லை. குமாஸ்தா மூன்று முறை வைக்கச் சொன்னார். நான் கற்க வேண்டும், அவர்கள் கற்பிக்க வேண்டும் என்று இரண்டு பக்கத்துக் கடமையும் எழுதியிருந்த தாள் அது. எங்கள் குடும்பத்தில் யாரோடும் யாரும் அதுவரை அப்படி ஒப்பந்தம் போட்டதில்லை. அப்பா வேலைக்குப் போன இடத்தில் "நாளைக்கு வா", "நாளைக்கு வராதே" இரண்டும் வாய்வார்த்தைதான்.

உள்ளே என்னை ஒரு மூத்த ஃபிட்டரிடம் விட்டார்கள். மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். என்னிடம் ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்து, வைஸில் பிடித்து ஆறு பக்கமும் மட்டமாக ராவு என்றார். இரண்டரை மாதம் வேறு வேலை இல்லை. காலையில் ராவுவேன், மாலையில் அவர் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவில் வெளிச்சம் கசியக் கூடாது.

"தெரியுதா?"

"கொஞ்சம் தெரியுது மேஸ்திரி."

"கொஞ்சம்னா எவ்ளோ? அத சொல்லத் தெரிஞ்சா நீ ஃபிட்டரு."

கை கொப்பளித்தது. இரவில் அழுதிருக்கிறேன். ஒருநாள் திடீரென்று தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக அரம் நகர்ந்தது. அதை நான் செய்யவில்லை, உடம்பு செய்தது. அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறார் போல. "இப்போ புரிஞ்சுச்சா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் வருடம் ஒரு பம்ப்பின் ஷாஃப்டில் பேரிங் ஏற்ற வேண்டியிருந்தது. நான் சுத்தியலால் அடித்தேன். மனிதர் ஓடி வந்து சுத்தியலைப் பிடுங்கினார். பேரிங்கை எண்ணெயில் போட்டுச் சூடாக்கினார். விரிந்த பேரிங் ஷாஃப்டில் கை பட்டதும் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது, ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொண்டது. பம்ப் ஓடியதும் ஸ்க்ரூடிரைவர் முனையைப் பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியை என் காதோரம் அழுத்தினார். "நல்லா கேளு. இது நல்ல சத்தம்." பிறகு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய பம்ப்புக்கு இழுத்துப் போனார். "இது இன்னும் ஒரு மாசத்துல போயிடும். வித்தியாசம் கேக்குதா?" கேட்டது. உலோகம் எவ்வளவு சூட்டுக்கு எவ்வளவு விரியும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. அந்தச் சத்தத்தை எந்தப் புத்தகத்திலும் அச்சடிக்க முடியாது. பிறகு முப்பது வருடம் இயந்திரங்களுக்கு நடுவில் சம்பாதித்தேன். தெரிந்தவர் ஒருவர் என் காதைப் பிடித்து அந்தச் சத்தத்தின் பக்கத்தில் வைத்ததால் வந்த சோறு அது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, முதலாளிகள் யாராவது வந்திருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். மேஸ்திரி என்னோடு நின்ற அரை மணி நேரம் அவர் சொந்த வேலை நின்றது. நான் கெடுத்த பொருள்கள் வேறு. இவ்வளவு செலவழித்துப் பழக்கிய பையனைப் பக்கத்துக் கம்பெனிக்காரன் நூறு ரூபாய் கூடக் கொடுத்துக் கூட்டிப் போய்விட்டால்? அந்தப் பயத்தில் எல்லோரும் அடுத்தவன் பழக்கட்டும் என்று காத்திருப்பார்கள், கடைசியில் யாரும் பழக்க மாட்டார்கள். பிறகு, "ஆள் கிடைக்கல சார்" என்று மேடையில் புலம்புவார்கள். அதனால்தான் சட்டம் எல்லோர் மீதும் அந்தப் பொறுப்பைப் பகிர்ந்து வைத்தது. இப்போதைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை தொழிற்பழகுநர்களை எடுக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. 400 பேர் இருக்கும் தொழிற்சாலையில் குறைந்தது 10 பேர். நான்கு பேர் வேலை செய்யும் பம்மல் லேத் பட்டறைகூட விரும்பினால் எடுக்கலாம். 2016-இல் வந்த தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, ஒன்றிய அரசே ஏற்கிறது. சின்னப் பட்டறைக்காரர்கள் பலருக்கு இது எட்டவே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம். நல்ல மேஸ்திரிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, இதே பெயரில் நடக்கும் அநியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். ஏழை வீட்டுப் பெண்களை மூன்று வருடம் 'பயிற்சி' என்று கூட்டிப் போய், விடுதியில் வைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவோம் என்றார்கள். அறுந்த நூலை இணைக்கச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். மீதிக் காலமெல்லாம் அந்தப் பெண்கள் செய்தது முழுத் தொழிலாளியின் வேலை, வாங்கியது பயிற்சிக்காரியின் காசு. நோய் வந்து நடுவில் திரும்பியவர்களுக்கு அந்தத் தொகையும் இல்லை. நம் பக்கத்திலும் நடக்கிறது. என் உறவுக்காரப் பையன் ஒருவனை ஒரு கம்பெனியில் 'ட்ரெய்னி' என்று எடுத்தார்கள். பதினோரு மாதம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டினான். எந்த இயந்திரத்தின் பெயரும் அவனுக்குச் சொல்லப்படவில்லை. பன்னிரண்டாம் மாதம் வேறொரு பையன் வந்தான், இவன் வீட்டுக்கு வந்தான். சான்றிதழ் கேட்டதற்கு, ஒப்பந்தமே பதிவாகவில்லை என்று தெரிந்தது. கற்பது முடிந்த பிறகும் பயிற்சி என்ற பெயர் நீளுமானால் அது கூலியைத் திருடுவது. அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

ஆகவே அம்மாக்களே, பிள்ளை "ட்ரெய்னிங்" என்று கிளம்பினால், சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னால் ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். பதிவாகியிருந்தால், என்ன ட்ரேடு, எத்தனை மாதம் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். முடிவில் தேர்வு எழுதித் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் வாங்கலாம். பயிற்சியின்போது கையில் காயம் பட்டால் இழப்பீடு உண்டு, தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் அவர்களுக்கும் பொருந்தும். பிறகு இன்னொரு கேள்வி கேளுங்கள், எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி: "என் பையன் யார் பக்கத்துல நிப்பான்?" பெயர் சொல்லத் தெரியாமல் விழித்தால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஜெர்மனியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அங்கே அப்ரண்டிஸ் வாரத்தில் மூன்று நான்கு நாள் கம்பெனியிலும் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளியிலும் இருக்கிறான். 1969-இல் போட்ட சட்டம் அதை ஒழுங்குபடுத்தியது. கடைசித் தேர்வை அவனை வேலை வாங்கிய கம்பெனி நடத்துவதில்லை, அந்த வட்டாரத்து வணிகத் தொழில் மன்றம் நடத்துகிறது. டேப் ஒட்ட விட்ட கம்பெனியின் பையன் அந்தத் தேர்வில் தோற்பான், ஊருக்கே தெரிந்துவிடும்.

வேலை கிடைக்குமா என்பதுதான் உங்கள் மனதில் ஓடுவது. மறைக்க மாட்டேன்: பயிற்சி கொடுத்த இடமே வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. உச்ச நீதிமன்றம் 1995-இல், உத்தரப் பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில், மற்றத் தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி முடித்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சொன்னது. 2014-இல் திருத்தியபோது, இவர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். ரயில்வேயில் பயிற்சி முடித்தவர்களுக்கு அடிப்படை நிலை (லெவல் 1) பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அது போதாது என்று 2018 மார்ச் 20 காலையில் மும்பையில் மாதுங்காவுக்கும் தாதருக்கும் நடுவே பிள்ளைகள் தண்டவாளத்தில் உட்கார்ந்து ரயிலை நிறுத்தினார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். மூன்று வருடம் பழக்கிய கையைத் தெருவில் விடுவது, நட்டு வளர்த்த கன்றை ஆட்டுக்குப் பிடுங்கிப் போடுவது போல.

ஆனாலும் கை நம்மோடு வரும். எங்கள் குழுவில் நாங்கள் பதினாறு பேர். பயிற்சி தந்த இடத்திலேயே வேலை கிடைத்தது ஆறு பேருக்குத்தான். மற்றவர்கள் எண்ணூருக்கும் ஆவடிக்கும் போனார்கள், இரண்டு பேர் வளைகுடாவுக்கு, ஒருவர் சொந்த லேத் வைத்தார். எவரும் பட்டினி கிடக்கவில்லை. இன்று இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமா முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டு. பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. பட்டத்துக்குப் போகும்போது கையில் ஒரு தொழிலோடு போகலாம் என்கிறேன்.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை நமக்கு ஒரு ரயில் பயணத் தூரம். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்த இடம், வந்தே பாரத் ரயில் முதலில் உருவான இடம். 2024-இல் 1,010 தொழிற்பழகுநர்களுக்கு அறிவிப்பு வந்தது. எழுத்துத் தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் வரிசை. ஐடிஐ படிக்காத பிள்ளைகளுக்கும் அதில் தனி இடங்கள். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், தச்சு, பெயிண்டர். 1,010-இல் பொழிச்சலூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் விண்ணப்பித்திருப்பார்கள்? இந்தத் தெருவில் விசாரித்தேன். அறிவிப்பு வந்ததே பல வீடுகளுக்குத் தெரியவில்லை. பெண் பிள்ளைகள் வீட்டில் பேச்சே எழவில்லை. கிண்டியில் பெண்களுக்கென்றே அரசு ஐடிஐ இருக்கிறது. மூலைமட்டத்தின் கீழே கசியும் வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கப் பெண்ணின் கண்ணுக்கு என்ன குறை?

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் இருப்பேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் ஆதாரும் எடுத்துக்கொண்டு வாருங்கள். தளத்தில் பதிவு செய்யக் கூட உட்கார்ந்து உதவ இரண்டு பேர் என்னோடு வருகிறார்கள்.

இப்போது இந்த இரும்பு. என் கையால் ராவிய முதல் துண்டு, 1974. மேஸ்திரி என்னை இதை வைத்துக்கொள்ளச் சொன்னார். கூடவே மூலைமட்டமும் இருக்கிறது. முதல் வரிசையிலிருந்து கை மாற்றுங்கள். தம்பி, அந்த டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடி. ஐந்து பக்கமும் சரியாக இருக்கும். ஆறாவது பக்கத்தில் ஒரு மூலையில் கொஞ்சம் வெளிச்சம் வரும். எவ்வளவு என்று பார்த்துச் சொல்.